பாவாயி கிணற்றுக் கட்டாமைகள்

போன மழைக்காலத்தில் எங்கள் பழைய சரகத்தில் புதிதாகச் சேர்ந்த வனக் காவலர்களுக்குப் பயிற்சி நடந்தது. ஓய்வு பெற்றவர் ஒருவரும் வந்து பேசட்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். பள்ளிபாளையத்தில் மகள் வீட்டில் இருக்கிறேன். இருக்கிறேன் என்று சொல்வதுகூடச் சரியில்லை. வாரத்தில் பாதி நாள் ஏதாவது ஒரு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பேன். மகள் திட்டிப் பார்த்து விட்டுவிட்டாள்.

வந்திருந்தவர்கள் எல்லோரும் படித்த பிள்ளைகள். யானை, சிறுத்தைக் கதை வரும் என்று எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் கரட்டில் யானையும் கிடையாது, சிறுத்தையும் கிடையாது. நான் கட்டாமையைப் பற்றிப் பேசினேன். மேட்டூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி எழுந்து, "ஓடாது, கடிக்காது, கத்தாது. அதுக்குக் காவலுக்கு ஒரு ஆள் வேணுங்களா ஐயா?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சாப்பாட்டு மணி அடித்துவிட்டதால் பதிலைப் பாதியில் விட்டேன். இப்போதிருக்கிற ரேஞ்சர், மீதியை எழுதிக் கொடுங்கள் என்றார். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எழுதுவதில் பழக்கமில்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

திருச்செங்கோட்டுப் பக்கம் பிறந்தவன் பள்ளிக்கூடத்தை விட்டால் அப்போதெல்லாம் இரண்டு வழிதான். ஒன்று லாரி, இல்லையென்றால் ரிக்கு வண்டி. நான் இரண்டிலும் போனேன். லாரியில் கிளீனராக வடக்கே பாதி தேசத்தைப் பார்த்தேன். பிறகு போர் போடும் ரிக்கில் ஆந்திரா, மத்தியப் பிரதேசம் என்று வெயிலில் கிடந்தேன். கம்ப்ரசர் இரைச்சலில் இடது காது போயிற்று. ஒரு இடத்தில் ஒரு மாதத்துக்கு மேல் இருந்தால் எனக்குக் கால் அரிக்கும். அந்த அரிப்புக்கு ரிக்கு சரியான வைத்தியம். முதலாளி வண்டியை விற்றபோது ஊருக்கு வந்தேன். நாமக்கல்லுக்கும் ராசிபுரத்துக்கும் நடுவே ஒரு கரட்டைக் காப்புக்காடாக வேலி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேட்டைத் தடுப்புக்கு ஆள் வேண்டும், நாள் முழுக்க நடக்க வேண்டும் என்றார்கள். நடக்கச் சம்பளம் என்றால் யாருக்குக் கசக்கும், சேர்ந்துவிட்டேன். தற்காலிகமாகச் சேர்ந்து, நிரந்தரமாகி, அங்கேயே ஓய்வும் பெற்றேன். கால் அரித்தவனை அந்தக் கரடு எப்படிப் பிடித்து வைத்தது என்று எனக்கே தெரியாது.

கரடு என்றால் பெரிய மலை இல்லை. பாறையும் முள்ளும் சப்பாத்திக்கள்ளியும் காய்ந்த புல்லும்தான். பார்க்க ஒன்றும் இருக்காது. அந்த ஒன்றுமில்லாத இடம்தான் கட்டாமைக்கு வீடு. நட்சத்திர ஆமை என்று புத்தகத்தில் போடுகிறார்களே, அதுதான். கறுப்பு ஓட்டில் மஞ்சள் கதிர் வரைந்தது போல இருக்கும். அந்த அழகே அதற்கு எமன். வெளிநாட்டில் வீட்டுக்குள் வளர்க்க ஆசைப்படுகிறார்கள் என்று இங்கிருந்து பையில் கட்டிக் கடத்துவார்கள். ஊர் ஊராக அற்றுப்போய், எங்கள் பக்கம் அந்தக் கரட்டில் மட்டும் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

எனக்கு வேலை கற்றுக் கொடுத்தவர் அப்போதைய ரேஞ்சர். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். அவர் பேச்சைக் கேட்டு ஊர்ப் பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பார்கள். அவருக்கு அது தெரியும், கண்டுகொள்ள மாட்டார். முதல் மழைக்குப் பிறகு காலையில் எப்படி நடக்க வேண்டும், கடித்த புல் நுனியை எப்படிப் பார்க்க வேண்டும் என்று கூடவே நடந்து காட்டினார். கட்டாமையைத் தூக்கக் கூடாது என்பதைத்தான் அடிக்கடி சொல்வார். கோடைக்கென்று உடம்புக்குள் நீரைச் சேர்த்து வைத்திருக்கும். பயந்தால் அதை விட்டுவிடும், பிறகு வெயிலில் தாங்காது. தூக்கித்தான் ஆகவேண்டும் என்றால் மட்டமாக, தரையை ஒட்டி, தட்டில் குழம்பு கொண்டுபோகிற மாதிரி கொண்டுபோக வேண்டும்.

ஆளை விசாரிப்பதில் அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் அவர் தரையில் உட்கார்ந்துவிடுவார். அப்புறம் எதிராளியால் நிற்க முடியாது. பாக்கெட்டிலிருந்து பச்சைக் கடலைக்காயை எடுத்து ஒவ்வொன்றாக உரிப்பார், தின்ன மாட்டார். பருப்பை இடது உள்ளங்கையில் சேர்த்துக்கொண்டே இருப்பார். "செஞ்சியா?" என்று கேட்கவே மாட்டார். "அப்புறம்?" என்பார். எதிராளி சொல்லி நிறுத்தினால் மறுபடி "அப்புறம்?" என்பார். பேச்சு முடிந்ததும் பருப்பை எதிராளி கையில் கொடுத்தால் விவகாரம் அதோடு முடிந்தது என்று அர்த்தம். தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு எழுந்தால் வழக்கு. நாங்கள் அவர் முகத்தைப் பார்ப்பதில்லை, கையைத்தான் பார்ப்போம்.

நான் சேர்ந்த புதிதில் எங்களைக் குழப்பிய விஷயம் ஒன்று இருந்தது. கரட்டைச் சுற்றியுள்ள தோட்டக் கிணறுகளில் கட்டாமை ஓடு மிதந்தது. எங்கள் பக்கத்துக் கிணறு தெரியுமே, தரைமட்டத்துக்கு வாயைத் திறந்துகொண்டு கிடக்கும். மேய வந்தது தவறி விழுகிறது என்று முடிவு செய்தோம். ரேஞ்சர் மேலே எழுதிப் பணம் வாங்கி, கிணறுகளைச் சுற்றி முழங்கால் உயரத்துக்குக் கல் அடுக்கிச் சுவர் வைக்க ஏற்பாடு செய்தார். கல் சுமக்க ஊர்க்காரர்களையே கூலிக்கு வைத்தோம். வேலையில்லாத கோடையில் அது அவர்களுக்கு உதவியாக இருந்தது. சுவர் எழும்பிய பிறகும் ஓடு மிதந்தது. கட்டாமை சுவர் ஏறுமா என்று ரேஞ்சர் என்னைக் கேட்டார். ரிக்கு ஓடின எந்த ஊரிலும் பார்த்ததில்லை ஐயா என்றேன்.

அந்த ஊரில் பாவாயி என்று ஒரு அம்மாள். என்னைவிட மூத்தவள், அக்கா என்று கூப்பிடுவேன். புருஷன் இறந்து வெகு காலம். ஆடு மேய்த்து மகளை நாமக்கல்லில் நர்சு படிப்புக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள். கரட்டின் அடிவாரத்தில் அவள் ஓட்டு வீடும் ஆட்டுப் பட்டியும், பக்கத்தில் ஒரு பழைய கிணறும். அந்தக் கிணறு எந்தக் கோடையிலும் வற்றியதில்லை. அதனால் உள்ளே கன்னிமார் இருப்பதாக ஊரில் நம்பிக்கை. ஆடி மாதம் கிணற்றடியில் ஏழு கல் நட்டுப் பொங்கல் வைப்பார்கள். நான் ரோந்து முடிந்து வரும்போது, "ஒத்தக் காது தம்பி, மோர் குடிச்சுட்டுப் போ" என்பாள். என் நல்ல காதுப் பக்கம் வந்துதான் சொல்வாள். ஊரில் அப்படி யோசித்தவள் அவள் ஒருத்திதான்.

ஒரு நாள் ஒரு பேருந்து நிலையத்தில் வியாபாரி ஒருவன் பிடிபட்டான். டூவீலரில் ஊர் ஊராகப் பிளாஸ்டிக் குடம் விற்கிறவன். அவன் துணிப்பையில், கால் அசைக்க முடியாமல் ஒட்டு டேப் சுற்றிய கட்டாமைகள் இருந்தன. எங்கள் அலுவலகத்துக்குக் கொண்டுவந்து டேப்பைப் பிரித்தோம். ஒவ்வொன்றின் ஓட்டுப் பள்ளத்திலும் மஞ்சளாக ஏதோ ஒட்டியிருந்தது. அடையாளத்துக்குப் பெயிண்ட் வைத்திருப்பான் என்று நினைத்தோம். ரேஞ்சர் நகத்தால் சுரண்டி முகர்ந்து பார்த்தார். எங்கே வாங்கினாய் என்று கேட்டதற்கு, கரட்டடியில் ஆடு மேய்க்கிற பாவாயிதான் பிடித்துக் கொடுக்கிறாள் என்று அவன் எழுதிக் கையெழுத்தே போட்டுவிட்டான்.

அன்றே மாவட்டத்திலிருந்து போன் வந்தது. அந்தப் பெண்ணைக் கைது செய்து ஆஜர்படுத்துங்கள் என்றார்கள். வனவிலங்குச் சட்டத்தில் மாட்டினால் லேசில் ஜாமீன் கிடைக்காது. வருஷக்கணக்கில் உள்ளே இருக்க வேண்டி வரும். அவள் உள்ளே போனால் ஆடு போகும், ஆடு போனால் மகள் படிப்பு நின்றுவிடும். இது எனக்கும் தெரியும், ரேஞ்சருக்கும் தெரியும். ஜீப்பில் கரட்டடிக்குக் கிளம்பினோம்.

பாவாயி பட்டி வாசலில் சினை ஆடு ஒன்றுக்குத் தழை போட்டுக்கொண்டிருந்தாள். ரேஞ்சர் வழக்கம்போல மண்ணில் உட்கார்ந்தார். அவளும் உட்கார்ந்தாள். கடலைக்காய் வெளியே வந்தது. குடக்காரனைத் தெரியுமா என்று ஆரம்பித்தார். தெரியும், குடம் வாங்கியிருக்கிறேன் என்றாள். அவனுக்கு ஆமை பிடித்துக் கொடுத்ததுண்டா என்று கேட்க வேண்டிய இடத்தில், இந்தப் பக்கம் ஆமை வருமா என்று கேட்டார்.

"வருமுங்க சாமி. மழ பேஞ்சா ஊட்டுக்குள்ளயே வந்துருமுங்க."

"அப்புறம்?"

"அப்பறம் என்னங்க, கெணத்துல உட்ருவேன்."

உரித்துக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. நான் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் ஒளிக்காமல் சொன்னாள். ஆமை வீட்டுக்குள் வந்தால் வீட்டுக்கு ஆகாது என்பது எங்கள் பக்கத்துப் பயம். கொல்லவும் கூடாது, அது பாவம். பொழுது சாய்வதற்குள் தண்ணீரில் சேர்த்துவிட வேண்டும். புதுக் கிணறு வெட்டினால் தண்ணீர் சுத்தமாக இருக்க மீனும் குளத்தாமையும் விடுவது எல்லா ஊரிலும் உண்டு. ஆகையால் ஆமைக்குக் கிணறுதான் இடம் என்பதில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை. அதிலும் கன்னிமார் கிணறு என்றால் தோஷம் போய்விடும். அவசரத்துக்குச் சிலர் தங்கள் தோட்டக் கிணற்றிலேயே விட்டுவிடுவதுண்டு. மற்றபடி யார் வீட்டில் ஆமை வந்தாலும் பாவாயியைக் கூப்பிட்டு அனுப்புவார்கள். அவள் போய் எடுத்துவந்து, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, கிணற்றில் விடுவாள்.

"ஏன் உங்களைக் கூப்பிடுறாங்க? அவங்களே கொண்டுவந்து விடலாமே" என்றார் ரேஞ்சர்.

"தாலி அறுத்தவளுக்கு இனி என்னங்க கெடப்போவுது? அதான் என்ற கையில குடுத்தர்றாங்க." புல்லுக்கட்டு எவ்வளவு என்று சொல்வது போலத்தான் சொன்னாள். குறைப்பட்டுக்கொள்ளவில்லை.

"மஞ்சள் எதுக்கு?"

"ஊட்டுக்கு ஒறம்பரையா வந்த சாமிங்க. வெறுமனையா அனுப்பறது?"

ஒறம்பரை என்றால் எங்கள் பக்கம் விருந்தாளி. ரேஞ்சர் என்னைத் திரும்பிப் பார்த்தார். விற்கிற சரக்குக்கு யாரும் பொட்டு வைக்க மாட்டார்கள் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. ஆனால் நாங்கள் புரிந்துகொண்டால் போதுமா? அவள் கிணற்றில் விட்டது அவன் பைக்கு எப்படிப் போனது? கிணற்றில் இறங்கிப் பார் செங்கோடா என்றார்.

வேப்பமரத்தில் கயிற்றைக் கட்டினேன். முடிச்சு விஷயத்தில் ரிக்குக்காரனை நம்பலாம். பழைய கிணற்றில் கெட்ட காற்று நிற்கும். முதலில் அரிக்கேன் விளக்கைக் கொளுத்தித் தண்ணீர் மட்டம் வரைக்கும் இறக்கினோம். அணையாமல் எரிந்தது. அப்புறம்தான் நான் கால் வைத்தேன். சுவரில் நீட்டிக்கொண்டிருந்த படிக்கற்களில் பாதி உடைந்திருந்தன. பொந்துகளில் புறா. மேலே இருந்து பார்த்தால் தெரியாத ஒரு வளைவு அடியில் இருந்தது. அங்கே மரவேரில் மெல்லிய நைலான் கயிறு கட்டி, தட்டையான கம்பிக் கூடை ஒன்று பாதி தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது. அதற்குள் அழுகின வெள்ளரிக்காய். பக்கத்தில் மூன்று ஓடுகள் கவிழ்ந்து கிடந்தன. கூடையின் ஓரத்தில் முன்னங்கால் இரண்டையும் மாட்டிக்கொண்டு ஒரு கட்டாமை தொங்கியது. செத்துவிட்டது என்று நினைத்துக் கை வைத்தேன். தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. ஓட்டில் குங்குமம்கூட முழுசாகக் கரையவில்லை.

அதைச் சட்டைக்குள் வைத்துக் கட்டிக்கொண்டு, ஓடுகளைப் போட்ட கூடையை இடுப்பில் மாட்டி, மேலே வந்தேன். குடக்காரனின் தந்திரம் விளங்கிவிட்டது. காட்டுக்குள் போனால் நாங்கள் பிடிப்போம். ஊரே சேர்த்துக் கொடுக்கிற கிணறு இருக்கும்போது அவன் ஏன் காட்டுக்குப் போக வேண்டும்? பாவாயி ஆடு ஓட்டிப் போன பிறகு வருவான். நீந்தத் தெரியாமல் தத்தளித்துக் கூடையில் தொற்றியதை இறங்கி எடுத்துக்கொள்வான். கன்னிமார் கிணற்றில் விட்டால்தான் தோஷம் போகும் என்று குடம் விற்ற வீடுகளிலெல்லாம் சொல்லி வைத்ததும் அவன்தான் என்று பின்னால் தெரிந்தது.

பாவாயி கூடையைப் பார்க்கவில்லை. நான் தரையில் வைத்த ஆமையையும் அந்த மூன்று ஓடுகளையும்தான் பார்த்தாள்.

"இதுக ஏனுங்க செத்துக் கெடக்குது?"

ரேஞ்சர் கட்டாமையைக் கையால் காட்டினார். "இது தண்ணி ஆமை இல்லம்மா. மண்ணுல நடக்கிறது. நீந்தாது."

"ஆமைன்னா தண்ணிதானுங்களே?"

"குளத்தாமை நீந்தும். அதுக்கு விரலுக்கு நடுவுல தோல் இருக்கும். இதுக்குக் காலைப் பாருங்க."

அவள் குனிந்து பார்த்தாள். யானைக்கால் போல உருண்டையான கால். தொட்டும் பார்த்தாள். கிணற்றுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். கோடையில் அவளும் கல் சுமந்து கட்டிய சுவர் அது. ஆடும் குழந்தைகளும் விழாமல் இருக்கக் கட்டுகிறார்கள் என்றுதான் எல்லோரையும் போல அவளும் நினைத்திருக்கிறாள். ஆமைக்காகவா இந்தச் சுவர் என்று என்னைக் கேட்டாள். ஆமாம் அக்கா என்றேன். யாருக்காகக் கட்டினாளோ அதையே சுவருக்கு மேலே தூக்கி உள்ளே விட்டிருக்கிறாள். எங்கள் மேலும் தவறுண்டு. என்னத்துக்குக் கட்டுகிறோம் என்று கல் சுமந்தவர்களிடம் நாங்கள் சொல்லவே இல்லை.

"எத்தனைய முக்கியிருப்பேனுங்க சாமி?" என்று கேட்டாள்.

ரேஞ்சர் உள்ளங்கையில் இருந்த பருப்பை அவள் கையில் கொட்டி, விரல்களை மூடிவிட்டார். அதை அவள் தின்னவில்லை, கீழே போடவும் இல்லை.

விவகாரம் அதோடு முடிந்துவிட்டது என்று நான் நினைத்தது தப்பு. கூடை ஒரு சாட்சி. ஆனால் கிணறு அவளுடையது, ஆமையை விட்டதும் அவள் கை. மாவட்டத்தில் அதை மட்டும் பார்த்தால் அவனுக்கு அவள் கூட்டாளி ஆகிவிடுவாள். எந்தெந்த வீட்டிலிருந்து வந்தது என்று ஊர்க்காரர்கள் சொன்னால்தான் அவள் தப்பிக்க முடியும். ரேஞ்சர் அதை அவளிடம் எடுத்துச் சொல்லி, யார் யார் கொடுத்தார்கள் என்று கேட்டார். எல்லாம் என் வீட்டுக்கு வந்ததுதான் என்றாள். திரும்பத் திரும்பக் கேட்டும் அதையேதான் சொன்னாள். பிள்ளைகுட்டிக்காரர்களை இழுத்துவிடக் கூடாது என்று அவள் எண்ணம்.

அவளை அலுவலகத்துக்கு அழைத்துப் போக வேண்டியதாயிற்று. ஜீப்பில் ஏறும்போதுகூடத் தன்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ஆட்டை யார் ஓட்டி அடைப்பார்கள் என்றுதான் கேட்டாள். நான் பார்த்துக்கொள்கிறேன் அக்கா என்றேன். அவளுக்கு அந்த நிலைமையிலும் சிரிப்பு வந்துவிட்டது. "நீ கூப்ட்டா அதுக உன்னயத்தான் மேய்க்கும்" என்றாள்.

அவள் சொன்னபடிதான் நடந்தது. கரட்டுச் சரிவில் மேய்ந்துகொண்டிருந்த ஆடுகளை என்னால் இறக்க முடியவில்லை. குரல் கொடுத்தேன், கல்லை விட்டெறிந்தேன். நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி மேய்ந்தன. பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. நரி நடமாடும் இடம் அது. வேறு வழியில்லாமல் ரேஞ்சருக்குப் போன் செய்தேன். அவர் போனை அவளிடம் கொடுத்துவிட்டார். நான் ஸ்பீக்கரைப் போட்டுத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தேன். நாக்கை அண்ணத்தில் ஒட்டி எடுக்கிற அவளுடைய சத்தம் வந்தது. அப்புறம் "வா கண்ணு, வாங்க சாமி, ஊட்டுக்குப் போலாம்" என்றாள். ஆடுகள் மொத்தமும் காதை நிமிர்த்தி, பாறைக்குப் பாறை தாவி இறங்கிவந்து என் கையிலிருந்த போனைச் சுற்றி நின்றன. "வந்துருச்சுங்களா?" என்று கேட்டது குரல். வந்துவிட்டன அக்கா என்றேன். சினை ஆடு பின்தங்கியிருக்கும், அதைத் தள்ளாமல் கூட்டி வா என்றாள். நான் சினை ஆட்டுக்குப் பின்னால் மெதுவாக நடந்தேன்.

மறுநாள் காலையில் ரேஞ்சர் ஊருக்குள் வந்தார். மாரியம்மன் கோயில் முன்னால் வேப்பமர நிழலில் மண்ணில் உட்கார்ந்தார். யாரையும் கூப்பிடவில்லை. கடலைக்காயை உரிக்க ஆரம்பித்தார். தண்ணீருக்குப் போனவர்கள், பால் ஊற்றப் போனவர்கள் எல்லோரும் தள்ளியே நின்றார்கள். பாவாயி எங்கே இருக்கிறாள் என்று ஊருக்கே தெரியும். ஆமையைத் தொட்டதற்கு வழக்கு என்றால் தங்களுக்கும் வருமே என்ற பயமும் இருந்தது. ஒரு ஆள் மட்டும், பொம்பளைக்கு எதுக்கு இந்த வேலை என்று காதில் விழுகிற மாதிரி சொல்லிவிட்டுப் போனான்.

ரேஞ்சர் யாரையும் பார்த்துப் பேசாமல் பொதுவாகச் சொன்னார். வீட்டுக்கு வந்ததை வெளியே எடுத்து விட்டதற்காக யாரையும் நான் பிடிக்க மாட்டேன், இருந்ததை இருந்தபடி சொன்னால் குடக்காரன் மட்டும் உள்ளே போவான், சொல்லாவிட்டால் ஆடு மேய்க்கிற அம்மா போவாங்க என்றார். அவ்வளவுதான். மறுபடி உரிக்க ஆரம்பித்தார்.

வெயில் ஏறியது. நல்லம்மாள் என்று ஒருத்தி, மகனுக்குக் கல்யாணத்துக்கு நாள் குறித்து வைத்திருந்தவள், கூட்டத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் வந்தாள். ஆமை வந்தது வெளியே தெரிந்தால் பெண் வீட்டார் என்ன நினைப்பார்களோ என்று பாவாயியிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். அது எங்களுக்கு அப்போது தெரியாது.

"கடசியா உட்டது எங்க ஊட்டுக்கு வந்ததுங்க. மஞ்ச நாந்தான் அரச்சுக் குடுத்தேன்" என்றாள். அவள் புருஷன் பின்னாலிருந்து பேரைச் சொல்லி அதட்டினார். அவள் திரும்பாமலேயே, "சும்மா இருங்க. அவ நமக்கோசரம் போயி உக்காந்திருக்கறா" என்றாள்.

அதன் பிறகு ஒவ்வொருவராகச் சொன்னார்கள். ஒரு வீட்டில் அடுப்படிக்கு வந்தது, ஒரு வீட்டில் தொழுவத்தில் கிடந்தது, எல்லாவற்றையும் பாவாயிதான் எடுத்துப் போனாள். கன்னிமார் கிணற்றைச் சொல்லிக்கொடுத்தது குடக்காரன் என்பதும் அப்போதுதான் வெளியே வந்தது. ரேஞ்சர் உரித்த பருப்பு ஒரு கை கொள்ளவில்லை. எழுந்து நல்லம்மாள் மடியில் கொட்டினார்.

மாவட்டத்தில் அவர் வாங்கிய பேச்சு கொஞ்சமில்லை. பிடிக்கச் சொன்ன ஆளைச் சாட்சியாகக் கொண்டுவருகிறீர்களா என்று கேட்டார்களாம். மூன்று பேர் கேள்வி கேட்டார்கள், மூன்று பேருக்கும் ஒரே பதில் சொன்னேன் என்று எங்களிடம் சிரித்தார். பாவாயி சாட்சியாகத்தான் வழக்கில் சேர்ந்தாள். அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிட்டாள். பட்டிக்குப் போய் ஆடுகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். சினை ஆடு இடையில் குட்டி போட்டிருந்தது. குட்டிக்கு நல்ல காது, உனக்கு ஒன்றைக் கடன் வாங்கிக்கொள் என்று என்னைக் கேலி செய்தாள்.

சிரித்தாளே ஒழிய அவளுக்கு அது தீரவில்லை. ஆமை என்ற பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவாள். மஞ்சள் அரைக்கிற அம்மியைக் கூடக் கொஞ்ச நாள் தொடவில்லை என்று அவள் மகள் சொன்னாள். கிணற்றில் கிடைத்த கட்டாமையை எங்கள் முகாமில் வைத்திருந்தோம். மேலிடத்து அனுமதி வந்து, நல்ல மழையும் பெய்த பிறகுதான் விட முடியும். அவள் வாரத்துக்கு ஒரு தடவை அருகம்புல்லும் சப்பாத்திக்கள்ளிப் பழமும் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போவாள். உள்ளே வந்து பார்க்கச் சொன்னால் வரமாட்டாள்.

ரேஞ்சர் ஊரைத் திட்டவில்லை. வீட்டுக்கு வந்ததை வெளியே விட வேண்டும் என்பதில் கை வைக்காமல், விடுகிற இடத்தை மட்டும் மாற்றினார். கரட்டில் ஏறும் ஆட்டுத்தடத்தில் ஒரு பெரிய பாறை உண்டு. ஆமையைத் தரையை ஒட்டித் தூக்கிவந்து அதன் நிழலில் வையுங்கள், மஞ்சளை ஆமைக்குப் பதில் பாறைக்குப் பூசுங்கள், எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றார். ஆடு மேய்க்கிறவர்களைக் காட்டுக்குள் விடக் கூடாது என்று மேலே பேச்சு எழுந்தபோது, அவர்கள் கண் இல்லாவிட்டால் எங்கள் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது என்று எழுதிப் போராடி அந்தத் தடத்தைத் திறந்து வைத்தார். பதிலுக்கு அவர்கள் கோடையில் புது முளைக்காகப் புல்லுக்குத் தீ வைப்பதை நிறுத்தினார்கள். எத்தனையோ கட்டாமை தீயில் வெந்ததை அப்போதுதான் எங்களிடம் சொன்னார்கள்.

ஐப்பசியில் மழை பிடித்தது. அனுமதியும் வந்தது. பாறையடிக்கு ஊரில் பாதிப் பேர் வந்துவிட்டார்கள், நல்லம்மாளின் புது மருமகள் உட்பட. யார் விடுவது என்று ரேஞ்சர் கேட்டார். எல்லோரும் பாவாயியைப் பார்த்தார்கள். அவள் கடைசியில் நின்றுகொண்டிருந்தாள், முடியாது என்று தலையசைத்தாள். ரேஞ்சர் கட்டாமையை இரண்டு கையாலும் மட்டமாகப் பிடித்து, கூட்டத்தைத் தாண்டிப் போய் அவள் முன்னால் மண்ணில் உட்கார்ந்தார். அவளுக்கும் வேறு வழியில்லை, உட்கார்ந்தாள்.

கையில் வாங்கி, மண்ணை ஒட்டியே கொண்டுபோய், நனைந்த புல்லில் வைத்தாள். கொஞ்ச நேரம் ஓடு மட்டும்தான் கிடந்தது. அப்புறம் தலை வந்தது, கால் வந்தது. நாலடி நடந்து ஒரு புல் நுனியைக் கடித்தது. அவள் புடவை முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு, "போயிட்டு வா சாமி" என்றாள்.

நல்லம்மாளின் மருமகள் சின்னப் பெண், வாய் சும்மா இருக்காது. "போயிட்டு வான்னு சொல்றீங்களே அத்தே, நெசமாலுமே உங்க ஊட்டுக்கு வந்துட்டா?" என்று கேட்டாள். நல்லம்மாள் அவளை முழங்கையால் இடித்தாள்.

பாவாயி கட்டாமை போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வந்தா வரட்டும் கண்ணு. மழ உடற வரைக்கும் இருந்துட்டுப் போவட்டும்."